உந்தம் 16 சதவீதம் காணோம்னா எங்க தேடுறது

தம்பி, கேள்வியை முதல்ல நானே ஒருதடவை சுருக்கிச் சொல்லிடறேன், சரியா புரிஞ்சிருக்கேனான்னு பாருங்க. பேரிங் வீல் போட்ட ரெண்டு சின்ன வண்டி, ஒண்ணு 212 கிராம், இன்னொண்ணு 198 கிராம், மூக்குல பசங்க விளையாடுற கிளே ஒட்டியிருக்கீங்க. 198 கிராம் வண்டி சும்மா நிக்குது, 212 வந்து மோதுது, ரெண்டும் ஒட்டிக்கிட்டு சேர்ந்தே போகுது. மொபைல்ல செகண்டுக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன்ல எடுத்திருக்கீங்க. மோதுறதுக்கு முன்ன 50 செ.மீ. கடக்க 168 ஃப்ரேம், மோதின பிறகு முதல் 20 செ.மீ.-க்கு 145 ஃப்ரேம், அடுத்த 20-க்கு 165 ஃப்ரேம். கணக்கு போட்டா உந்தம் (அதாவது நிறை பெருக்கல் வேகம்) முன்ன 0.151 கிலோகிராம்-மீட்டர்/செகண்ட், பின்ன 0.127, அதாவது 100-க்கு 16 காணோம். ரெக்கார்டுல "உராய்வினால் ஏற்பட்ட பிழை"ன்னு ஒரு வரி எழுதிட்டு போயிடலாமா, இல்ல கிளாஸ்ல மத்தவங்க பண்ற மாதிரி ரீடிங்கை லேசா தட்டி சரி பண்ணிடலாமா, இதானே கேள்வி?

ரெண்டாவது யோசனையை முதல்ல தூக்கி ஓரமா வைங்க. நான் பி.எஸ்சி. படிச்சப்ப இதே வேலையைப் பண்ணி மாட்டியிருக்கேன். அப்ப மொபைல் ஏது, சரிவுல குண்டை உருட்டி விட்டு தரையில கார்பன் பேப்பர் மேல விழ வைக்கிற எக்ஸ்பெரிமென்ட்தான். அஞ்சு தடவை பண்ணணும், நான் ரெண்டு தடவை பண்ணிட்டு மீதியை உக்காந்து எழுதிட்டேன், முன்ன-பின்ன விகிதம் 1.00, 0.99, 1.00, 1.00, 1.00. டெமான்ஸ்ட்ரேட்டர் நோட்டைப் பார்த்தார், ஒண்ணும் திட்டல, எழுந்து வந்து தரையில குனிஞ்சு கார்பன் பேப்பரைத் தூக்கிப் பார்த்தார், "ஏம்ப்பா, அஞ்சு தடவை உருட்டின குண்டு ரெண்டு இடத்துலதான் விழுந்துச்சா?"ன்னு கேட்டார், அவ்வளவுதான், அன்னிக்கு முழுக்க மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் நானே அந்தப் பக்கம் நின்னு பசங்க நோட்டைத் திருத்தினேன். குக் பண்ண ரீடிங்கைக் கண்டுபிடிக்க பிசிக்ஸே வேண்டாம், அது ரொம்ப அழகா இருக்கும், அது போதும்.

முதல் யோசனை, அதான் "உராய்வு"ன்னு ஒரு வரி, அது பொய் இல்ல. ஆனா அரைகுறை. எவ்வளவு உராய்வு, எந்த நேரத்துல திருடிச்சு, அதைச் சொன்னாத்தான் அது விளக்கம். புத்தகத்துல உந்த அழிவின்மை விதியைச் சொல்லும்போதே "புறவிசை ஏதும் செயல்படாத வரை"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, பசங்க அந்த அரை வரியை மந்திரம் மாதிரி வேகமா சொல்லிட்டு "மொத்த உந்தம் மாறாது"ங்கிற மீதியை மட்டும் மனப்பாடம் பண்ணிடறாங்க. உங்க வண்டிக்கு டேபிள்ங்கிறது ஒரு புறவிசை, வண்டி நகர்ற ஒவ்வொரு நொடியும் அது பிடிச்சு இழுத்துட்டேதான் இருக்கு. அதனால நீங்க கேக்கவேண்டிய கேள்வி "உந்தம் மாறாம இருந்துச்சா"ன்னு பொதுவா இல்ல, "மோதின அந்தச் சின்ன நேரத்துக்குள்ள மாறாம இருந்துச்சா"ன்னு. இது ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சதுதான் உங்க 16 சதவீதத்துல பெரும்பகுதி.

இப்ப உங்க நம்பரையே எடுத்துப்போம். 168 ஃப்ரேம்னா 0.70 செகண்ட், 50 செ.மீ.-ஐ அதால வகுத்தா 0.714 மீட்டர்/செகண்ட். இது சராசரி. அதாவது அந்த 0.70 செகண்டுக்கு நடுப்பாதியில வண்டிக்கு இருந்த வேகம், மோதுற நேரத்துல இருந்த வேகம் இல்ல, மோதும்போது அதைவிடக் குறைஞ்சுதான் இருக்கும். அதே மாதிரி மோதின பிறகு 310 ஃப்ரேம், 1.29 செகண்ட், 40 செ.மீ., சராசரி 0.310. இதுவும் நடுவுல இருந்த வேகம், மோதி ஒட்டின உடனே அதைவிட அதிகமா இருந்திருக்கும். ஆக நீங்க முன்ன உள்ளதைக் கூட்டி அளந்திருக்கீங்க, பின்ன உள்ளதைக் குறைச்சு அளந்திருக்கீங்க, ரெண்டு தப்பும் ஒரே பக்கம் சாயுது.

நல்லவேளையா மோதின பிறகு உள்ள தூரத்தை ரெண்டு துண்டா எண்ணி வச்சிருக்கீங்க, ஏன் எண்ணினீங்கன்னு தெரியல, ஆனா அதுதான் இப்ப காப்பாத்தப் போகுது. முதல் 20 செ.மீ.-க்கு 145 ஃப்ரேம்னா வேகம் 0.331, அடுத்த 20-க்கு 165 ஃப்ரேம்னா 0.291. ரெண்டுக்கும் நடுவுல 0.04 குறைஞ்சிருக்கு, அது குறைய ஆன நேரம் (ஒரு துண்டோட நடுவுல இருந்து இன்னொரு துண்டோட நடு வரைக்கும்) சுமார் 0.65 செகண்ட். ஆக உங்க வண்டி செகண்டுக்கு 0.06 மீட்டர்/செகண்ட் வேகத்தை இழந்துட்டே வருது. இந்த ஒரு நம்பர் கையில இருந்தா போதும். மோதுறதுக்கு முன்ன 0.714-ல இருந்து 0.35 செகண்டுக்கு உண்டான இழப்பைக் கழிச்சா 0.693, இது மோதுற நொடி வேகம். மோதின பிறகு 0.310-ஓட 0.645 செகண்டுக்கு உண்டானதைக் கூட்டினா 0.349. இப்ப உந்தம் போடுங்க, 212 கிராமுக்கு 0.147, சேர்ந்த 410 கிராமுக்கு 0.143. காணாமப்போன 16, இப்ப 2.7 சதவீதம் ஆயிடுச்சு பாருங்க. ரீடிங் ஒண்ணைக்கூட நாம தொடல.

சரி, மோதல் நடக்கும்போதும் உராய்வு இருந்திருக்குமே, அதை ஏன் விட்டுட்டோம்னு கேப்பீங்க. கேக்கணும். வீடியோவுல கிளே அமுங்கி ரெண்டு வண்டியும் ஒரே வேகத்துக்கு வர ரெண்டு மூணு ஃப்ரேம்தான் ஆகியிருக்கும், அதாவது 0.01 செகண்ட் வச்சுக்கோங்க. அந்த நேரத்துல ரெண்டு வண்டிகிட்டேயும் சேர்த்து உராய்வு திருடுறது அதிகபட்சம் 0.00025, மொத்தத்துல 0.2 சதவீதம்கூட இல்ல. மோதல் விசை பெருசு, நேரம் சின்னது, அதுக்குள்ள டேபிளுக்கு ஒண்ணும் பண்ண நேரமே கிடைக்கல. இந்த விதியை மோதல்லதான் செக் பண்றாங்கன்னு சொல்றதுக்கு காரணமே இதான், உலகத்துல உராய்வு இல்லாத டேபிள் கிடையாது, ஆனா உராய்வுக்கு நேரம் குடுக்காத நிகழ்ச்சி இருக்கு.

இப்படித் திருத்தம் போடுறது ஏமாத்து வேலையோன்னு ஒரு உறுத்தல் வந்தா, நியூட்டன் பண்ணினதைச் சொல்றேன். 1687-ல வந்த பிரின்சிபியாவுல இயக்க விதிகளைச் சொல்லி முடிச்ச கையோட ஒரு நீளமான குறிப்பு இருக்கு, அதுல மனுஷன் தான் பண்ணின மோதல் சோதனைகளை எழுதியிருக்கார். 10 அடி நீளக் கயித்துல ரெண்டு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, இழுத்து விட்டு மோத வைக்கிறார். கடிகாரம் வேண்டாம், ஏன்னா ஊசல் அடிமட்டத்துல வர்ற வேகம் அது எவ்வளவு தூரத்துல இருந்து விடப்பட்டதோ அந்த வில்லோட நாணுக்கு நேர்விகிதத்துல இருக்கும், அதனால தூரத்தை அளந்தாலே வேகம் தெரிஞ்சிடும். பிரச்சினை காத்து. காத்து ஊசலைப் பிடிச்சு இழுக்குது. அதுக்கு என்ன பண்ணினார்னா, முதல்ல மோதலே இல்லாம ஒரு குண்டை மட்டும் விட்டு, ஒரு முழு ஆட்டம் ஆடி திரும்பி வரும்போது கிளம்பின இடத்துக்கு எவ்வளவு முன்னாலேயே நின்னுடுதுன்னு குறிச்சுக்கிட்டார். முழு ஆட்டம்னா நாலு கால்பங்கு, இறங்கி ஏறி இறங்கி ஏறி. அதனால அந்தக் குறைவுல நாலுல ஒரு பங்குதான் ஒரு இறக்கத்துக்கு காத்து பிடிச்ச கூலி. அதைக் கணக்குல சேர்த்துட்டு மோதலைப் பார்த்தார். 8, 12, 16 அடின்னு பெரிய பெரிய வீச்சுல விட்டுப் பார்த்தும் தப்பு 3 இன்ச்சைத் தாண்டலைன்னு எழுதியிருக்கார். நீங்க 145-ம் 165-ம் வச்சுப் பண்ணினது அதேதான், தடுக்கிற விசையைத் தனியா அளந்து மோதின நொடிக்குக் கொண்டுபோறது. அவர் அதை மறைக்கல, புத்தகத்துலேயே போட்டார், நீங்களும் ரெக்கார்டுல போடுங்க.

அந்தக் குறிப்புல இன்னொரு சங்கதியும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. குண்டு எந்தப் பொருளால ஆனதுன்னு மாத்தி மாத்திப் பார்த்திருக்கார். கம்பளி நூலை இறுக்கிச் சுத்தின உருண்டைன்னா 9 பங்கு வேகத்துல நெருங்கினது 5 பங்கு வேகத்துல விலகுது, எஃகு கிட்டத்தட்ட அதே கணக்கு, தக்கை கொஞ்சம் கம்மி, கண்ணாடின்னா 16-க்கு 15. துள்ளுறது இப்படி ஆளுக்கு ஆள் மாறுது, உந்தக் கணக்கு மட்டும் எல்லாத்துலயும் நிக்குது. நாம மீட்சிக் குணகம்னு படிக்கிறோமே, அது இந்த 5/9, 15/16 தான்.

இதை ஏன் சொல்றேன்னா, உங்க கேள்வியில கடைசியா "எனர்ஜி பாதிக்கு மேல போயிடுச்சு, அப்ப எக்ஸ்பெரிமென்ட் ஃபெயிலா"ன்னு ஒரு வரி இருந்துச்சு. ஃபெயில் இல்ல. திருத்தின வேகத்தை வச்சு இயக்க ஆற்றல் போட்டா முன்ன 0.051 ஜூல், பின்ன 0.025, பாதி காலி. ஒட்டிக்கிற மோதல்ல அப்படித்தான் போகும், மிஞ்சுறது 410-ல 212 பங்கு, அதாவது 52 சதவீதம்தான் மிஞ்சணும், உங்களுக்கு 49 வந்திருக்கு. மீதி கிளேவை அமுக்கினதுல, டொக்குன்னு வந்த சத்தத்துல, கொஞ்சம் சூட்டுல போச்சு. ஆற்றலுக்கு இப்படி வேஷம் மாத்திக்க வழி இருக்கு, உந்தத்துக்கு அந்த வசதி இல்ல. உந்தம் சூடா மாறி ஒளிஞ்சுக்காது. ஒரு வண்டிகிட்ட குறைஞ்சா இன்னொண்ணுகிட்ட இருக்கணும், இல்ல டேபிள்கிட்ட இருக்கணும், மூணாவது இடம் கிடையாது. அதனாலதான் தேட முடியுது.

திசையைப் பத்தி ஒரு வார்த்தை. இந்தத் தடவை நீங்க ஒட்டிக்கிற மோதல் எடுத்ததால தப்பிச்சீங்க, அடுத்த வாரம் மூக்குல காந்தமோ ஸ்பிரிங்கோ வச்சு துள்ளுற மோதல் எடுக்கும்போது பாதிப்பேர் விழுற குழி இதான், திரும்பி வர்ற வண்டிக்கு மைனஸ் போட மறக்குறது. வெக்கப்பட வேண்டாம், பிரெஞ்சு தத்துவஞானி டெகார்ட்டே விழுந்தார். 1644-ல வந்த தன்னோட தத்துவப் புத்தகத்துல மோதலுக்கு ஏழு விதி எழுதினார், அவருக்கு "இயக்கத்தின் அளவு"ன்னா பொருளோட அளவு பெருக்கல் வேகம், திசை கணக்குல கிடையாது. விளைவு, சும்மா நிக்கிற பெரிய பொருளை அதைவிடச் சின்னது எவ்வளவு வேகமா வந்து மோதினாலும் நகர்த்தவே முடியாதுன்னு ஒரு விதி. கோலி ஆடின எந்தப் பையனும் சிரிப்பான். அப்புறம் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் விதி என்னன்னு கேட்டதுக்கு 1668 கடைசியில இருந்து 1669 ஆரம்பத்துக்குள்ள வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூணு பேரும் ஆளுக்கொரு விடை அனுப்பினாங்க, திசையோட சேர்த்துப் பார்த்தா கணக்கு நிக்குதுன்னு அங்கதான் தெளிவாச்சு. ஹைகன்ஸ் படகுல நின்னு ஒருத்தன் ரெண்டு குண்டை மோத விடுறான், கரையில நிக்கிறவன் அதையே பார்க்கிறான்னு கற்பனை பண்ணி முழு விதியையும் எடுத்தார், அதைப் பத்தி தனியா ஒருநாள் எழுதலாம், அவ்வளவு அழகு.

சரி, இப்ப உங்க மீதி 2.7-க்கு வருவோம். அதுக்கு முன்ன எதெல்லாம் காரணம் இல்லன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா ரெக்கார்டுல பசங்க கையில கிடைச்சதையெல்லாம் காரணமா அள்ளிப் போடுவாங்க. ஸ்கேலை வண்டிக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டியிருந்தீங்கன்னா கேமராவுக்கு அது கொஞ்சம் தூரம், அதனால செ.மீ. எல்லாமே தப்பா இருக்கும், ஆனா முன்னயும் பின்னயும் அதே விகிதத்துல தப்பு, வகுக்கும்போது அடிபட்டுப் போயிடும். மொபைல் 240-ன்னு சொல்லிட்டு நிஜத்துல 236 எடுத்தாலும் அதே கதைதான், அடிபட்டுடும். அடிபடாதது எதுன்னா, கேமரா நேரா பார்க்காம சாய்வா பார்த்தா ஃப்ரேமோட இடது ஓரத்து செ.மீ.-யும் வலது ஓரத்து செ.மீ.-யும் வேற வேற ஆயிடும், அது அடிபடாது. கிளே ஒட்டுறதுக்கு முன்ன எடை போட்டீங்களா, பின்ன போட்டீங்களா? ரெண்டு மூக்குலயும் இருக்கிற கிளே நாலஞ்சு கிராம் வரும், அதுவும் கவனிக்கணும். ஃப்ரேம் எண்ணுறதுல ஒண்ணு கூடக்குறைய ஆனா 145-ல 0.7 சதவீதம். இதெல்லாம் சேர்ந்து ஒரு ஒண்ணரை, ரெண்டு சதவீதம் எப்படியும் வரும், அதுக்குக் கீழ இந்தச் செட்டப்ல போக முடியாது. தயவுசெஞ்சு "ஹியூமன் எரர்"னு மட்டும் எழுதாதீங்க, அதைப் படிச்சா எனக்கு இன்னிக்கும் பேனாவைத் தூக்கிப் போடணும்போல இருக்கும், எந்த மனுஷன், எந்த எரர், எத்தனை மில்லிமீட்டர்?

உங்க தங்கச்சி ஸ்கூல்ல மொபைல் விடமாட்டாங்க, அவளுக்கு என்ன எக்ஸ்பெரிமென்ட் சொல்றதுன்னும் கேட்டிருந்தீங்க. நான் மாட்டினேன்னு சொன்னேனே அதே கார்பன் பேப்பர்தான், இன்னிக்கும் அதுக்கு ஈடு இல்ல, காத்து ஊதி உராய்வைக் குறைக்கிற ஏர் ட்ராக்கைவிட எனக்கு அது ஒசத்தி. எலக்ட்ரீஷியன்கிட்ட ஒயரிங்குக்குப் போடுற பிளாஸ்டிக் கேசிங் ஒரு முழம் வாங்கி, மேல் முனையைப் புத்தகம் அடுக்கித் தூக்கி, கீழ் முனை டேபிள் ஓரத்துல சரியா கிடைமட்டமா முடியுற மாதிரி வளைச்சு ஒட்டுங்க. பழைய பேரிங்ல இருந்து 16 மி.மீ. இரும்புக் குண்டு ஒண்ணு, அதே 16 மி.மீ. கண்ணாடிக் கோலி ஒண்ணு. சைஸ் ஒண்ணா இருக்கிறது முக்கியம், இல்லன்னா நடுவோட நடு மோதாது. இரும்பு 16.7 கிராம், கோலி 5.4 கிராம் கிட்ட வரும். முதல்ல இரும்பை மட்டும் மேலிருந்து விட்டு எங்க விழுதுன்னு பாருங்க, அப்புறம் கேசிங் முனையில கோலியை வச்சு (முனைக்கு வெளிய ஒரு ஸ்க்ரூ தலை மேல வச்சா இன்னும் நல்லது) அதே உயரத்துல இருந்து இரும்பை விடுங்க. ரெண்டும் பறந்து போய் தரையில கார்பன் பேப்பர்ல டப் டப்புன்னு விழும், கீழ வெள்ளைத்தாள்ல கருப்புப் புள்ளி.

இதுல தந்திரம் என்னன்னா ரெண்டு குண்டும் ஒரே உயரத்துல இருந்து விழுது, கனம் எதுவானாலும் விழுற நேரம் ஒண்ணு, 78 செ.மீ. டேபிள்னா 0.40 செகண்ட். அதனால தூரமே வேகம். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், செகண்டால வகுக்கக்கூட வேண்டாம், கிராமை செ.மீ.-ஆல பெருக்கினா போதும். எங்க பசங்க ஒரு பேட்ச் எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு, இரும்பு தனியா 52 செ.மீ., அப்ப 868. மோதின பிறகு இரும்பு 27.6, கோலி 73.5, ரெண்டையும் பெருக்கிக் கூட்டினா 858. நூத்துக்கு ஒண்ணு கம்மி, எட்டாம் கிளாஸ் பிள்ளைகூட போடலாம். விலகின வேகம் 73.5 கழித்தல் 27.6, நெருங்கினது 52, வகுத்தா 0.88, இரும்பும் கண்ணாடியும் மோதினா அவ்வளவு துள்ளுது.

ஆனா முதல் நாள் அந்தப் பேட்சுக்கு 866 வந்துச்சு, ஆகா பிரமாதம்னு குதிச்சாங்க. எனக்கு சந்தேகம் வந்து தூக்குக்குண்டு எங்க விட்டீங்கன்னு கேட்டேன். கேசிங் முனையில இருந்து கொத்தனார் விடுற மாதிரி தூக்குக்குண்டு விட்டு தரையில ஒரு புள்ளி வச்சு, அதுல இருந்தே ரெண்டு தூரத்தையும் அளந்திருக்காங்க. ஆனா கோலி கிளம்புறது அந்தப் புள்ளியில இருந்து இல்ல, மோதும்போது அது இரும்புக்கு ஒரு குண்டு அகலம் முன்னாடி இருக்கு, 1.6 செ.மீ. கோலியோட தூரத்துல அதைக் கழிக்கணும். கழிச்சா 858 ஆச்சு, பசங்க மூஞ்சி வாடிப்போச்சு. தப்பா அளந்தா சரியா வருது, சரியா அளந்தா கொஞ்சம் குறையுது, அப்படியும் நடக்கும், குறைஞ்சதைத்தான் எழுதினோம்.

ஒரு எச்சரிக்கை, இதே குண்டுகளை டேபிள் மேலேயே உருட்டி வீடியோ எடுக்கலாம்னு தோணும், அதுல ஒரு வேடிக்கை இருக்கு. ரெண்டு ஒரே மாதிரி கோலியை எடுத்து நேரா மோத விடுங்க, வந்த கோலி சட்டுன்னு நிக்கும், அப்புறம் யாரோ பின்னாடி தள்ளின மாதிரி மெல்ல முன்னாடி நகர ஆரம்பிக்கும். பேய் இல்ல, அது உருண்டு வந்த சுழற்சி இன்னும் மிச்சம் இருக்கு, அந்தச் சுழற்சி டேபிளைப் பிடிச்சு அதை முன்னாடி தள்ளுது. அடிவாங்கின கோலிக்கு எதிர் கதை, அது சுழலாம வழுக்கிக்கிட்டு கிளம்புது, உருள ஆரம்பிக்கும்போது வேகம் குறையுது. முழுசா துள்ளுற மோதலா இருந்தா கடைசியில முதல் கோலி பழைய வேகத்துல ஏழுல ரெண்டு பங்கும் ரெண்டாவது ஏழுல அஞ்சு பங்கும் எடுத்துக்கிட்டு அமைதியா போகும், கூட்டினா மறுபடியும் ஒண்ணு! நடுவுல, ஒண்ணு வழுக்கி முடிச்சு இன்னொண்ணு முடிக்காத நேரத்துல அளந்தா கணக்கு கோணலா வரும். அதனால பள்ளிக்கூடத்துக்கு டேபிள் மேல கோலி வேண்டாம், கேரம் போர்டு பரவாயில்ல, காய் உருளாது, வழுக்கும். அங்க ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் சொச்சம், கோணத்துல மோதும், அதனால நேர்ப்பக்கம் தனியா குறுக்குப்பக்கம் தனியா கூட்டணும், குறுக்குப்பக்கக் கூட்டல் பூஜ்ஜியம் வரணும். அதை அப்புறம் பண்ணட்டும்.

"இவ்வளவு மெனக்கெட்டு தெரிஞ்ச விதியை எதுக்கு மறுபடி நிரூபிக்கணும்"னு கேட்டிருந்தீங்க. நிரூபிக்கிறதுக்கு இல்ல, இந்தக் கணக்கை வச்சு தேடக் கத்துக்கிறதுக்கு. 1932-ல பாரிஸ்ல ஜோலியோ-கியூரி தம்பதி ஒண்ணு பார்த்தாங்க, பெரிலியத்துல ஆல்ஃபா துகளை அடிச்சா ஏதோ ஒரு கதிர் வருது, மின்னூட்டம் இல்ல, அது பாரஃபின் மெழுகுல பட்டா உள்ளேருந்து புரோட்டான் தெறிச்சு வெளிய வருது. காமா கதிர்தான்னு சொன்னாங்க. கேம்பிரிட்ஜ்ல சாட்விக்னு ஒரு விஞ்ஞானிக்கு அது ஒத்துக்கல, ஒரு புரோட்டானை அவ்வளவு வேகமா உதைக்கணும்னா காமாவுக்கு 5 கோடி எலக்ட்ரான் வோல்ட் கிட்ட ஆற்றல் வேணும், அங்க அதுக்கு வழியே இல்ல. அவர் பண்ணினது நம்ம இரும்புக் குண்டு, கோலி கணக்குதான். கண்ணுக்குத் தெரியாத குண்டு ஹைட்ரஜனை உதைச்சா அது அதிகபட்சம் செகண்டுக்கு 33,000 கிலோமீட்டர்ல போகுது, நைட்ரஜனை உதைச்சா 4,700. முழுசா துள்ளுற மோதல்னு வச்சுக்கிட்டு உந்தத்தையும் ஆற்றலையும் எழுதினா, வந்த குண்டோட வேகம் அடிபட்டுப் போய், குண்டோட நிறையோட 14-ஐ (நைட்ரஜன் நிறை) கூட்டினதுக்கும் 1-ஐ (ஹைட்ரஜன் நிறை) கூட்டினதுக்கும் உள்ள விகிதம் 33-க்கு 4.7-ன்னு ஒரே ஒரு சமன்பாடு மிஞ்சும். பேப்பர்ல போட்டுப் பாருங்க, நிறை 1.16 வரும். சாட்விக் 1.15-ன்னு சொல்லி, கூடவே நைட்ரஜனோட வேகத்துல 10 சதவீதம் வரை தப்பிருக்கலாம்னும் எழுதினார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத குண்டுதான் நியூட்ரான், இன்னிக்கு நாம அளக்கிற அதோட நிறை 1.009. உங்க 2.7-ஐ நினைச்சு கூச்சப்படாதீங்க.

ரெக்கார்டுல என்ன எழுதணும்னா, முதல்ல நீங்க அளந்தது அப்படியே, 168, 145, 165. அப்புறம் திருத்தாம வந்த 16 சதவீதம். அப்புறம் 0.06 எப்படி வந்துச்சுன்னு கணக்கு, அதுக்கப்புறம் திருத்தின 2.7. வெளியிலிருந்து வர்ற எக்ஸாமினர், அதான் எக்ஸ்டெர்னல், வந்தா இந்த வரிசையைப் பார்த்துட்டு கண்டிப்பா ஒரு கேள்வி கேப்பார், கேக்கலன்னா அவர் நோட்டையே படிக்கலன்னு அர்த்தம். "மோதின பிறகு கிடைச்ச 0.06-ஐ மோதுறதுக்கு முன்னயும் எப்படிப் போட்டே?"ன்னு. நியாயமான கேள்வி, நான் மேல சத்தமில்லாம அப்படித்தான் போட்டேன். டேபிள் நடுவுல லேசா தொய்ஞ்சிருந்தாலோ ஒரு பக்கம் தூசி இருந்தாலோ ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது.

அதனால இன்னிக்கு ராத்திரி அந்த வீடியோவை மறுபடி திறந்து முன்ன உள்ள 50 செ.மீ.-ஐயும் 25, 25-ன்னு பிரிச்சு எண்ணுங்க. 83-ம் 85-ம் வந்தா என் 0.06 சரி, 2.7 அப்படியே நிக்கும். 82-ம் 86-ம் வந்தா முன்பக்கம் இழப்பு 0.10 கிட்ட, மோதுற நொடி வேகம் 0.679 ஆயிடும், உந்தம் 0.144, பின்ன 0.143, வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்ல. ஒரே ஒரு ஃப்ரேம்தான் பாருங்க, கண்ணுல லேசா தண்ணி வந்தாலே மாறிடும். கடைசி 10 செ.மீ.-ஐ மட்டும் எண்ணினா உராய்வுத் தொல்லை குறையுமேன்னு தோணும், ஆனா அது 35 ஃப்ரேம்தான், அதுல ஒண்ணு தப்பினா 3 சதவீதம் போச்சு. ஒரு தடவைக்கு பதிலா பத்துத் தடவை வண்டியை விட்டு எண்ணுறதுதான் இதுக்கு வழி, ட்ராக்கர்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, வீடியோவைப் போட்டா ஃப்ரேம் ஃப்ரேமா புள்ளி வச்சு வேக வரைபடமே குடுத்துடும், மோதின இடம் படிக்கட்டு மாதிரி தெரியும். எண்ணிட்டு 83-ஆ 82-ஆன்னு சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.